படலமா, டெம்பரா?

கைப்பேசித் திரைமேல் ஒட்டுவது ஃபிலிமா கண்ணாடியா என்ற வழக்கில் சந்தை எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. தேவாரம் கடைவீதியிலோ போடியிலோ ஒரு செல்போன் கடையில் போனை நீட்டி, ‘ஸ்கிரீனுக்கு ஏதாவது ஒட்டிக் கொடுங்கண்ணே’ என்றால் கடைக்காரர் கை நேராக டெம்பர் கிளாஸ் தொங்கும் கொக்கிக்குப் போகிறது. ஃபிலிம் வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். கண்ணாடியின் இந்த வெற்றி நியாயமானதா என்று கேட்டால், பெரும்பாலும் நியாயமானதுதான் என்பதே என் முடிவு. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி தவறானவை. தவறான காரணத்துக்காகச் சரியான பொருளை வாங்குகிறவர், அதே காரணத்தை நம்பி அடுத்த முறை தவறான பொருளையும் வாங்குவார். அதனால் பொருளோடு சேர்த்து, அதை விற்கும் வாதத்தையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

மதிப்பிடுகிறவர் எந்த நிலத்தில் நின்று பேசுகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். குளிரூட்டிய அறையில் மேசைமேல் கிடக்கும் போனுக்கு எதை ஒட்டினாலும் ஒன்றுதான். நம் ஊர் தேவாரம் மலையடிவாரத்தின் மழைமறைவுப் பக்கம். ஆனி, ஆடியில் மேற்கே மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஊரையே புழுதியாக்கும். அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் சில மணி நேரத்துக்குள் புழுதிக்காட்டிலிருந்து ஈரக்காட்டுக்குள் நுழைகிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், நிழல்மரத்தடியில், இலை சொட்டும் நீரில் நனைந்துகொண்டே காய் எடுக்கிறார்கள். போன் சோற்றுத்தூக்கு வைத்த பையிலோ, சாவியும் சில்லறையும் கிடக்கும் சுருக்குப்பையிலோ இருக்கும். மழையென்றால் பாலித்தீன் கவருக்குள் போகும். அழைப்பு வந்தால் காய் எடுத்த விரலின் பிசுக்கோடே தொட வேண்டும். மாலையில் மறுபடி புழுதி. ஒரே நாளில் இரண்டு தட்பவெப்பத்தைக் கடக்கும் இந்தப் போனுக்கு எது தகும் என்பதே இங்கே கேள்வி. போடியின் ஏலக்காய் ஏல மையத்தில் கணினித் திரையைப் பார்த்து விலை கூறும் வியாபாரியின் போனுக்கு இவ்வளவு சோதனை இல்லை. அவருக்கும் தீர்ப்பு பொருந்தும், ஆனால் அளவுகோல் தோட்டத்திலிருந்து வர வேண்டும்.

முதலில் கீறல். டெம்பர் கிளாஸ் அட்டையில் 9எச் என்று அச்சிடாத ஒன்றைப் பார்ப்பது அரிது. வாங்குகிறவர்கள் இதை ஏதோ பத்துக்கு ஒன்பது என்பதுபோல் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பென்சிலின் எண். பெயின்ட், வார்னிஷ் பூச்சுகளின் கடினத்தைப் பார்க்க உருவான சோதனை அது. ஐஎஸ்ஓ 15184 என்ற தரநிலை அதன் முறையை வரையறுக்கிறது. முனையைத் தட்டையாகத் தேய்த்த பென்சிலை 45 பாகைச் சாய்வில் வைத்து, 750 கிராம் பாரம் கொடுத்து, பூச்சின்மேல் தள்ள வேண்டும். பூச்சில் தடம் விழச்செய்யாத பென்சில்களில் எது மிகக் கடினமானதோ அதன் எண்ணே பூச்சின் தரம். பென்சில் வரிசையின் கடைசி எண் 9எச். பென்சில் குச்சி என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. சாதாரணச் சன்னல் கண்ணாடியைக்கூட அது கீறாது. ஐம்பது ரூபாய்க் கண்ணாடியும் ஐந்நூறு ரூபாய்க் கண்ணாடியும் சன்னல் கண்ணாடியும் ஒரே மதிப்பெண் பெறும் தேர்வு எதையும் தரம் பிரிப்பதில்லை. 9எச் பொய்யான எண் என்று சொல்ல முடியாது; பொருளுக்குப் பொருந்தாத எண் என்று சொல்லலாம்.

கீறலை அளக்கத் தகுந்த அளவுகோல், 1812இல் ஃபிரெடரிக் மோஸ் வகுத்த கனிமக் கடின வரிசை. அதில் கண்ணாடி ஐந்தரைக்கும் ஆறுக்கும் அருகில் நிற்கிறது, குவார்ட்சு 7. செம்பு சார்ந்த நாணயம் மூன்றை ஒட்டியே நிற்கும். சாதாரண எஃகுச் சாவியும் கண்ணாடியைவிட மென்மையானது. ஆகவே கடையில் சாவியை எடுத்துக் கண்ணாடிமேல் சரசரவென்று தேய்த்துக் காட்டும் செய்முறை எதையும் நிரூபிப்பதில்லை. டெம்பர் ஒட்டாத போன் திரையிலும் அதே சாவியைத் தேய்க்கலாம், அதுவும் கண்ணாடிதான். திரையைக் கீறுவது சாவியோடு பையில் கிடக்கும் மணல். இந்த மலை சார்னோக்கைட்டும் நைஸும் ஆனது. இரண்டிலும் குவார்ட்சு உண்டு. பாறை சிதைந்து வந்த மண்ணும், அந்த மண்ணிலிருந்து எழும் ஆடிமாதப் புழுதியும் குவார்ட்சுத் துகளைச் சுமந்துதான் வருகின்றன. நம் ஊர்ப் புழுதி எல்லாக் கண்ணாடியையும் கீறும், அட்டையில் எந்த எண் இருந்தாலும்.

அப்படியானால் ஃபிலிம்? பழைய ஸ்கிராட்ச் கார்டு என்பது பிஇடி என்ற பாலியெஸ்டர் படலம். தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பிளாஸ்டிக். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மேலே கடினப் பூச்சு இருந்தாலும் பென்சில் சோதனையில் 3எச் வரைதான் எட்டும். இப்போது ஹைட்ரோஜெல் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை டிபியு என்னும் பாலியூரித்தேன் படலம். நெகிழ்ந்து கொடுக்கும், மேலோட்டமான தடம் சில மணி நேரத்தில் தானே மறையும். ஆழமாக வெட்டினால் மறையாது. பிஇடி விரைவில் கீறி மங்கும். டிபியு கீறலைத் தாங்கினாலும் துகளைத் தன்னுள் பதித்துக்கொள்ளும். தோட்டத்தில் நாலு மாதம் உழைத்த டிபியு ஃபிலிமை வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: நகம் பட்ட பள்ளங்கள், ஓரத்தில் கருத்துத் திரண்ட பசை, நடுவே புதைந்த புள்ளிகள். அதை உரித்தால் கீழே திரை புதிதாக இருக்கும்.

இங்கே நியாயமாக ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஃபிலிமில் கீறல் விழுவதை அதன் தோல்வியாக எண்ணுவது பிழை. கீறலைத் தான் வாங்கிக்கொள்வதே அதன் வேலை. திரையைக் காப்பாற்றியதா என்று மட்டும் கேட்டால் இரண்டும் தேறுகின்றன. காப்பாற்றிக்கொண்டிருக்கும் காலத்தில் எது தெளிவாகப் பார்க்க விடுகிறது என்று கேட்டால் கண்ணாடி தெளிவாக முந்துகிறது. கீறலில் கண்ணாடிக்கு முதல் மதிப்பெண் தருகிறேன், அட்டையில் எழுதிய காரணத்துக்காக அல்ல.

அடுத்தது விழுதல். கண்ணாடியின் புகழ் முழுவதும் இதில்தான் நிற்கிறது. ‘டெம்பர் உடைஞ்சுச்சு, டிஸ்ப்ளே தப்பிச்சுச்சு’ என்ற சாட்சியம் ஒவ்வொரு வீட்டிலும் கிடைக்கும். சாட்சிகள் பொய் சொல்லவில்லை. ஆனால் மேலே உள்ளது உடைந்ததால்தான் கீழே உள்ளது பிழைத்தது என்ற இணைப்பை அவர்கள் பார்க்கவில்லை, ஊகிக்கிறார்கள். மேல்கண்ணாடி இல்லாதிருந்தால் அந்த விழுகையில் திரை உடைந்திருக்குமா என்பதற்கு அந்தச் சாட்சியத்தில் பதில் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 கிராம் எடையுள்ள போன் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் ஆற்றல் ஏறத்தாழ 2 ஜூல். கண்ணாடியில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு விரிசலைத் திறக்கத் தேவையான ஆற்றல் சுமார் 8 ஜூல். டெம்பர் கண்ணாடியின் வழக்கமான தடிமன் 0.33 மில்லிமீட்டர். அதில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய விரிசல்களின் மொத்த நீளம் ஒரு மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், உடைவது விழுங்கிய ஆற்றல் வந்த ஆற்றலில் எழுநூறில் ஒரு பங்குகூடத் தேறாது. ‘அடியைத் தான் வாங்கிக்கொண்டு உடைந்தது’ என்ற விளக்கம் இந்தக் கணக்கில் நிற்கவில்லை.

உடைவதற்குக் காரணம் வேறு. கண்ணாடியின் பலத்தை அதன் பரப்பிலும் விளிம்பிலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்பிளவுகளே தீர்மானிக்கின்றன என்பதை 1921இலேயே கிரிஃபித் என்ற ஆய்வாளர் நிறுவிவிட்டார். அந்தப் பிளவுகள் திறக்காதபடி பரப்பை இறுக்கி வைப்பதுதான் இரசாயன முறையில் கடினமாக்குவது: உருக்கிய பொட்டாசியம் நைட்ரேட்டில், ஏறத்தாழ 400 டிகிரி வெப்பத்தில், கண்ணாடியை ஊறவைக்கிறார்கள். பரப்பிலுள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேறிப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கி உட்காருகின்றன. போன் திரைக் கண்ணாடியும் அதே வழியில் வந்ததுதான். அதன் விளிம்பு நுணுக்கமாக மெருகேற்றப்பட்டு, சட்டத்துக்குள் பாதுகாப்பாக அமர்ந்திருக்கும். 2020இல் வந்த கொரில்லா கிளாஸ் விக்டஸ், கரடுமுரடான தளத்தில் 2 மீட்டர் வரையான விழுகையைத் தாங்கும் என்று அதைத் தயாரிக்கும் கார்னிங் அறிவித்தது. மேலே ஒட்டும் மலிவுக் கண்ணாடிக்கோ விளிம்பு திறந்து கிடக்கிறது, மெருகு குறைவு, ஊறிய நேரமும் குறைவாக இருக்கலாம். கீழே உள்ளது தாங்கும் அடியில் மேலே உள்ளது உடைவது இயல்பு.

இதனால் கண்ணாடியால் விழுகையில் பயனே இல்லை என்று முடிவுகட்டினால் அது மறுபக்கப் பிழை. கூரான ஒரு சரளைக்கல் திரையின் முகத்தில் நேராகக் குத்தும்போது, கல்முனை திரைக் கண்ணாடியைத் தொடவிடாமல் தடுப்பதும், குத்தின் பாரத்தைச் சற்று அகலமாகப் பரப்புவதும் விறைப்பான கண்ணாடியால் முடியும். நெகிழும் ஃபிலிமால் அந்த அளவுக்கு முடியாது. ஜீப் நிற்கும் சரளை மேட்டில் முகம் குப்புற விழும் போனுக்கு இது மெய்யான உதவி. ஆனால் பல போன்கள் மூலையில் விழுகின்றன. மூலையில் விழுந்தால் சட்டம் வளைந்து, திரை விளிம்பிலிருந்து விரிகிறது. அதற்கு ஃபிலிமும் உதவாது, கண்ணாடியும் உதவாது. உதவுவது திரையைவிட உயர்ந்த விளிம்புள்ள ரப்பர் உறை. திரையைக் காக்கும் செலவில் முதல் ரூபாய் உறைக்குத்தான் போக வேண்டும். கடைகளில் கடைசி ரூபாய்தான் அதற்குப் போகிறது.

உடைந்த பிறகு நடப்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். இந்த வழக்கில் யாரும் பேசாத கூறு இது. விரிசல் விட்ட டெம்பரை யாரும் உடனே மாற்றுவதில்லை. பின்னாலுள்ள பசைப்படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருப்பதால் மாதக்கணக்கில் ஓடும். ஓரத்தில் மட்டும் சில்லுகள் உதிரும். அலுவலகத்தில் இருப்பவருக்கு அது தொல்லை. நாள் முழுக்கச் சரத்திலிருந்து காய் எடுத்து, ஈரத்தில் ஊறி, தோல் மென்மையான விரலுக்கு அது காயம். வெட்டிய விரலோடு மறுநாள் ஈரக்காட்டில் வேலை செய்வது எவ்வளவு வலி என்பதை அங்கே போனவர்கள் அறிவார்கள். ஃபிலிம் எவ்வளவு கிழிந்தாலும் கையைக் கிழிக்காது. ஃபிலிமின் நிறைகளில் இதையே முதலாவதாக வைக்கிறேன்.

பார்வையிலும் தொடுகையிலும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி அவ்வளவு பெரிதல்ல. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும். முழுப்பரப்பும் பசையுள்ள கண்ணாடியில் புதிய காற்றிடைவெளி உருவாவதில்லை. விளிம்பில் மட்டும் பசை வைத்த வகையில் உள்ளே ஒரு காற்றடுக்கு நிற்கிறது. இரண்டு பரப்புகள் கூடி, இன்னும் 8 விழுக்காடு பிரதிபலிப்பு சேர்கிறது. நண்பகல் வெயிலில் யார் அழைக்கிறார்கள் என்று கையால் நிழல் கட்டிப் பார்ப்பது இதனால்தான். தொடுகையும் அங்கே மந்தமாகும். எனவே ஒப்பீடு ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் இடையில் இருப்பதைவிட, முழுப்பசைக் கண்ணாடிக்கும் ஓரப்பசைக் கண்ணாடிக்கும் இடையில் கூர்மையாக இருக்கிறது. பிசுக்கைத் துடைப்பதில் கண்ணாடி மேல்: ஈரத்துணியால் ஒரு இழுப்பில் போகும். அதன் எண்ணெய் ஒட்டாப் பூச்சு சில மாதத் தேய்ப்பில் போய்விடும், அப்போதும் டிபியுவைவிட வழுவழுப்பாகவே இருக்கும். ஈர விரலின் தடுமாற்றம் இரண்டிலும் ஒன்றுதான், ஏனெனில் குழப்பம் நீரால் வருவது. திரைக்கு அடியில் கைரேகை உணரி உள்ள போன்களில், அதிலும் ஒலியலையால் ரேகையைப் படிக்கும் வகையில், மேலே ஒட்டுவது எதுவென்று கவனம் வேண்டும். 2019 அக்டோபரில் சாம்சங் கேலக்ஸி எஸ்10இல் சில சிலிக்கோன் மேலுறைகளின் வழியே பதிவு செய்யாத விரலுக்கும் பூட்டுத் திறந்தது. நிறுவனம் மென்பொருளைத் திருத்த வேண்டியிருந்தது. பணம் அனுப்பும் செயலிகள் எல்லாப் போனிலும் இருக்கும் காலத்தில் இதை அற்பமென்று தள்ள முடியாது.

ஒட்டும் கலையில் நம் ஊர்க் கடைக்காரர்களின் கைத்திறனைப் பாராட்டியே ஆக வேண்டும். மருந்து நனைத்த துடைப்பான், பிறகு உலர்துணி, பிறகு ஒட்டும் தாளால் கடைசித் தூசியை ஒற்றி எடுப்பது, இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்துக் கண்ணாடியை இறக்குவது. நடுவில் ஒரு தொடு தொட்டதும் பசை தானே பரவிக் காற்றை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும் அந்தச் சில நொடிகள் பார்க்க அழகானவை. அந்த நொடிகளுக்குள் ஆடிக்காற்று ஒரு துகளைக் கொண்டுவந்து போட்டால் கண்ணாடி மன்னிக்காது. விறைப்பானது என்பதால் துகளைச் சுற்றி ஒரு வட்டக் குமிழ் நிரந்தரமாக நிற்கும். ஃபிலிம் துகளை அணைத்துக்கொண்டு படியும். டிபியுவை நீர் தெளித்து ஒட்டுவதால் நகர்த்திச் சரிசெய்யவும் அவகாசம் உண்டு, மிச்ச ஈரம் ஓரிரு நாளில் வற்றிவிடும். ஒட்டும் முறையின் பொறுமையில் ஃபிலிமுக்கே மதிப்பெண்.

வளைந்த திரைகளில் வழக்கு தலைகீழாகிறது. தட்டையான கண்ணாடி வளைவில் அமராது, ஓரம் தூக்கும், தூக்கிய இடத்தில் புழுதி குடியேறும். இதற்கு மாற்றாகத் திரவப் பசையை ஊற்றி, புறஊதா விளக்கால் இறுக்கும் முறை பரவியிருக்கிறது. பார்வைக்கு மிகத் தெளிவானது என்பது உண்மை. ஆனால் இறுகும் முன் பசை ஒழுகி ஒலிபெருக்கித் துளையிலும் பொத்தான் இடுக்கிலும் போய் உறைந்தால் போனுக்கே கேடு. காக்க வந்தது கெடுக்கும் வாய்ப்புள்ள முறையை, அதன் தெளிவு எவ்வளவு இருந்தாலும், பரிந்துரைக்க மாட்டேன். வளைந்த திரைக்கு டிபியு ஃபிலிம்தான். மடியும் போன்களில் கேள்வியே எழவில்லை. 2019 ஏப்ரலில் சாம்சங்கின் முதல் மடிப்புப் போனைச் சோதித்த சிலர் மேலிருந்த படலத்தைப் பாதுகாப்புத்தாள் என்று நினைத்து உரித்ததில் திரையே செயலிழந்தது. அங்கே ஃபிலிம் திரையின் உறுப்பாகவே ஆகிவிட்டது.

பொருளின் நேர்மைக்கு வருகிறேன். 6டி, 11டி, 21டி என்று ஏறிக்கொண்டே போகும் எண்களுக்கு எந்தத் தரநிலையும் இல்லை. தடிமன், பசையின் வகை, கடினமாக்கிய முறை என்ற மூன்றையும் சொல்லாத அட்டை வேறு எதைச் சொன்னாலும் வாங்குகிறவருக்குப் பயனில்லை. ஃபிலிம் விற்பவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். பாலியூரித்தேனை ஹைட்ரோஜெல் என்றும், வளையும் பிளாஸ்டிக்கைச் செராமிக் என்றும் விற்கிறார்கள். இந்தியச் சந்தை இதுவரை பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருந்தது. 2025 ஆகஸ்டில் நொய்டாவில் ஆப்டிமஸ் நிறுவனம் கார்னிங்கோடு சேர்ந்து கைப்பேசி டெம்பர் கண்ணாடி ஆலையைத் திறந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் அதே இரு நிறுவனங்களின் கூட்டில் திரைக் கண்ணாடி ஆலை வரும் என்ற அறிவிப்பு 2024 தொடக்கத்தில் வந்தது. உள்நாட்டில் செய்யும்போது தயாரிப்பாளர் பெயரும் தர விவரமும் அட்டையில் வர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை கூடுகிறது. கேட்காமல் அது வராது.

இனி தீர்ப்பு. தட்டையான திரையுள்ள போனுக்கு, உயர்ந்த விளிம்புள்ள உறை போட்ட பிறகு, 0.33 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனில் முழுப்பசை டெம்பர் கண்ணாடியே மேலானது. நெடுநாள் தெளிவாக இருப்பதாலும், எளிதில் துடைக்க வருவதாலும், முகத்தில் படும் கல்முனையைத் தடுப்பதாலும் அதற்கு இந்த இடம். விழுந்தால் திரை பிழைக்கும் என்ற உறுதிமொழிக்காக அதை வாங்க வேண்டாம், அந்த உறுதிமொழி நிறுவப்படவில்லை. இந்த முதலிடம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: முதல் விரிசலிலேயே உரித்தெறிய வேண்டும். விரிசலோடு மாதக்கணக்கில் ஓட்டுவோம் என்று தெரிந்தவர்களுக்கும், மலைக்குப் போய் விரலால் பிழைக்கிறவர்களுக்கும், வளைந்த திரை வைத்திருப்பவர்களுக்கும் டிபியு ஃபிலிமே என் தேர்வு. மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம், வெட்டிய விரலைப் பொறுக்க முடியாது. பிஇடி ஸ்கிராட்ச் கார்டின் காலம், அது காக்க வந்த பிளாஸ்டிக் திரைகளோடு முடிந்துவிட்டது. அதை இனி எவருக்கும் சொல்வதற்கில்லை.

அடுத்த முறை கடையில் நிற்கும்போது எண்ணைக் கேட்காதீர்கள். பசை முழுக்கவா ஓரத்திலா, தடிமன் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் தெரிந்த கடைக்காரரிடம் பத்து ரூபாய் கூடக் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.